மூத்த துப்பாக்கிக்கு முதல் மரியாதை

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கி எப்போது துப்பாக்கி இல்லை என்றாகும்? குழல் அடைத்துக்கொண்டாலா, விசை துருவேறி இறுகினாலா, சுத்தி ஒடிந்து விழுந்தாலா? இவையெல்லாம் நம் போன்ற பாமரருக்குத் தோன்றும் பதில்கள். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நம்மைவிட ஞானம் மிக்கது. 1898 முடிவதற்குள் செய்யப்பட்டிருந்தால் அது துப்பாக்கியே ஆகாது, பழம்பொருள் என்கிறது அது. சுடுமா? சுடும். பட்டால் ஆள் சாவானா? சாவான். ஆனாலும் செத்தவனைத் துளைத்த சாமான் மத்தியச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி ஆகாது.

1898 டிசம்பர் 31 அன்று ஆலையில் செய்து முடித்த ரிவால்வரையும் மறுநாள் முடித்த ரிவால்வரையும் அருகருகே வையுங்கள். ஒரே மேஸ்திரி, ஒரே எஃகு, ஒரே தோட்டா. இளையவன் இன்று கடைக்கு வந்தால் படிவம் நிரப்ப வேண்டும், வாங்குகிறவரின் குற்றப் பின்னணியைப் பார்க்க வேண்டும். மூத்தவரோ மத்தியச் சட்டப்படி பார்சலில் வீட்டு வாசலுக்கே எழுந்தருளலாம். ஒருநாள் மூப்புக்கு இத்தனை மரியாதை! பரிவட்டத்துக்காகவும் முதல் மரியாதைக்காகவும் தேர்வடத்தின் முன்னால் மல்லுக்கட்டும் நம் ஊர்ப் பெரிய குடும்பங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் பாடம் கேட்கலாம்.

பழம்பொருள் என்றதும் பாட்டன் வீட்டுப் பரணில் கிடக்கும் ஓட்டைக் குழாய் ஒன்று உங்கள் நினைவுக்கு வரும். ஜெர்மனியின் மவுசர் ஆலை 1896இல் செய்யத் தொடங்கிய சி96 பிஸ்டலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பத்துத் தோட்டா கொள்ளும். ஒன்று வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். 1898 செப்டம்பரில் சூடானின் ஓம்டுர்மான் போர்க்களத்தில் இளம் சர்ச்சில் கையில் இருந்தது இந்த ரகம்தான். அந்த முதல் மூன்று ஆண்டுகளில் செய்ததொன்று கிடைத்தால் சேகரிப்பாளருக்கு இரட்டை லாபம்: அபூர்வமும் ஆயிற்று, துப்பாக்கி இல்லை என்றும் ஆயிற்று. அதனால்தான் அவர்கள் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் குழலைப் பார்ப்பதில்லை. வரிசை எண்ணைப் பார்க்கிறார்கள். எண் எந்த ஆண்டுக்கு உரியது என்று பட்டியலில் தேடுகிறார்கள். ஜாதகம் பொருந்தினால் முகூர்த்தம்.

சரி, பிறந்த ஆண்டுதான் புண்ணியம் என்றால், புதிதாகப் பிறந்ததற்கு வழியே இல்லையா? அதற்கும் சட்டம் கருணை காட்டியிருக்கிறது. கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் திணித்து, கேப்பை மாட்டிச் சுடும் 1851ஆம் ஆண்டுக் கோல்ட் ரிவால்வரை வட இத்தாலியின் பிரெஷா மாவட்டத்து ஆலைகள் இன்றும் அச்சு அசலாகச் செய்து அனுப்புகின்றன. போன மாதம் பட்டறையிலிருந்து வந்த அந்த நகலும் மத்தியச் சட்டப்படி பழம்பொருள். எண்ணெய் வாசனை போகாத பழமை! பழமையையும் இறக்குமதி செய்யலாம் என்று கண்டுபிடித்த முதல் நாடு இதுவாகத்தான் இருக்கும்.

இதில் இன்னொரு தர்மமும் நடக்கிறது. கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவன் கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் பழம்பொருள்தான் துப்பாக்கி ஆகாதே! ஆகவே, மாநிலம் தன் பங்குக்குத் தனியாகத் தடுத்தாலொழிய, ஆளைச் சுட்டுவிட்டுச் சிறை சென்று மீண்டவரும் 1898க்குள் செய்த 1873ஆம் ஆண்டு மாதிரிக் கோல்ட் ஒன்றைக் கலை ஆர்வத்தோடு வைத்துக்கொள்ளலாம். சிறையிலிருந்து வந்தவனுக்கு வாடகைக்கு வீடு தர யோசிக்கும் தேசம், வேலை தர யோசிக்கும் தேசம், பல மாநிலங்களில் வாக்குரிமை தரவும் யோசிக்கும் தேசம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுடைய ரசனையை மதிக்கிறது.

சேகரிப்பாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். எந்தக் கொள்ளைக்காரன் பல ஆயிரம் டாலர் பெறும் பொக்கிஷத்தை எடுத்துக்கொண்டு பெட்டிக்கடைக்குக் கொள்ளையடிக்கப் போகிறான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் அவனுக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. புதியதே மலிவாகக் கிடைக்கிறது. புதியதை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டன் பார்த்தது. 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டே கைத்துப்பாக்கிகளுக்குப் பெரும்பாலும் முழுத்தடை வந்தது. பிறகு குற்றவாளிகள் பழம்பொருள் விதிவிலக்கு என்ற சந்துக்குள் நுழைந்தார்கள். 2021இல் புதிய விதிமுறைகள் போட்டு அந்தச் சந்தையும் குறுக்கினார்கள். ஓட்டை தெரிந்தது, அடைத்தார்கள், அவ்வளவுதான் கதை. அதே 1996இல் வாஷிங்டனில் என்ன நடந்தது? துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கும் காரியத்துக்கு ஒரு காசும் செலவிடக் கூடாது என்று நோய்த்தடுப்பு மையத்துக்கு நாடாளுமன்றம் நிபந்தனை விதித்தது. அந்த ஒரு வரிக்குப் பயந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் துப்பாக்கிச் சாவு பற்றிய ஆராய்ச்சியே முடங்கிக் கிடந்தது. ஒரு தேசம் கையைக் கட்டியது. இன்னொன்று கண்ணைக் கட்டிக்கொண்டது.

1898 என்ற கோடு நகராதது. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே நகரும் கோடு ஒன்றும் உண்டு. ஐம்பது வயது நிரம்பிய துப்பாக்கி ‘அரும்பொருள், நினைவுச்சின்னம்’ என்ற பதவியை அடையும். அதைச் சேகரிக்க மத்திய அரசு தனி லைசென்ஸ் தருகிறது. கட்டணம் மூன்று ஆண்டுக்கு 30 டாலர். லைசென்ஸ் வாங்கும்போது ஒருமுறை பின்னணி பார்ப்பார்கள். பிறகு வேறு மாநிலத்திலிருந்துகூட அரும்பொருளைப் பார்சலில் வீட்டுக்கே வரவழைக்கலாம், மாநிலச் சட்டம் குறுக்கே வராதவரை.

இந்த 1968 சட்டம் ஏன் வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? 1963 நவம்பர் 22 அன்று டல்லஸில் அதிபர் கென்னடியைக் கொன்ற ஆஸ்வால்ட், இரண்டு ஆயுதங்களைத் தபாலில் வாங்கியிருந்தான். ஒன்று சிகாகோ கடையிலிருந்து வந்த, இத்தாலிய ராணுவம் கழித்துக்கட்டிய கார்கானோ ரைஃபிள். மற்றொன்று லாஸ் ஏஞ்சலிஸ் நிறுவனத்திலிருந்து 29 டாலர் 95 சென்ட்டுக்கு வந்த, உலகப்போர்க்கால ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி ரிவால்வர். அன்று பிற்பகல் போலீஸ்காரர் டிப்பிட்டைக் கொன்றது அந்த ரிவால்வர். தபாலில் துப்பாக்கி வாங்குவதை ஒழிக்க வேண்டும் என்ற கூக்குரல் ஐந்து ஆண்டு எழுந்து, மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் பலியான பிறகுதான் 1968 அக்டோபரில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார்.

இப்போது கணக்குப் போடுங்கள். அந்தக் கார்கானோ 1940இல் செய்தது. விக்டரி ரிவால்வர்கள் 1945க்குள் செய்தவை. அசல் உருக்குலையாமல் இருக்கும் அதே ரகத் துப்பாக்கிகள் ஐம்பதைக் கடந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. எந்தத் துப்பாக்கிகள் தபாலில் வந்ததால் கதவை மூடினார்களோ, அந்த ரகத் துப்பாக்கிகள் இன்று 30 டாலர் லைசென்ஸைக் காட்டிவிட்டு அதே கதவு வழியாகப் பார்சலாக வருகின்றன. கொலைகாரனைத்தான் தடுத்தோம், ஐயா. கொலைக்கருவி மணிவிழா கண்ட பெரியவர், அவரைத் தடுக்க முடியுமா?

சந்தேகம் வேண்டாம், இந்தப் பெருமை படிப்படியாக எல்லாருக்கும் கிடைக்கும். 1964இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த கோல்ட் ஏ.ஆர்.-15 ரைஃபிளின் முதல் தலைமுறைக்கு 2014இலேயே ஐம்பது ஆயிற்று. 1982இல் ஆஸ்திரியாவில் பிறந்த கிளாக் 17 பிஸ்டல் 2032இல் இந்தப் பேறு அடையும். காலம் எல்லாக் காயத்தையும் ஆற்றும் என்பார்கள். அமெரிக்காவில் அது காயம் செய்தவற்றையும் கௌரவிக்கும்.

இனி, சட்டம் கடுமையான மாநிலங்களுக்குள் போவோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நியூ யார்க், நியூ ஜெர்சி, மாசச்சூசெட்ஸ், கலிஃபோர்னியா ஆகியவற்றில் மக்கள்தொகை விகிதப்படி துப்பாக்கிச் சாவு குறைவு. சட்டம் தளர்ந்த மிசிசிப்பி, லூசியானாவில் மிக அதிகம். ஆகவே கடுமையைக் கேலி செய்வது நம் வேலை அன்று. கடுமை யார்மேல் விழுகிறது, யாருக்கு விலகி வழிவிடுகிறது என்பதில்தான் வேடிக்கை.

நம்மவர்கள் ஏராளமாக வாழும் நியூ ஜெர்சியில், சிறுவர் விளையாடும் பி.பி. துப்பாக்கிகூடச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். 2014இல் அங்கே எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கைது செய்தார்கள். குற்றம்: காரில் 18ஆம் நூற்றாண்டுச் சக்கிமுக்கிக் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. குண்டு போடாதது, சேகரிப்புக்காக வாங்கியது. பத்து ஆண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய வழக்கு. நாடே சிரித்த பிறகு 2015 பிப்ரவரியில் வழக்கைக் கைவிட்டார்கள். இதே நியூ ஜெர்சிக்குள்தான் 1776 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் நதியைக் கடந்து, இதே ரகச் சக்கிமுக்கித் துப்பாக்கிகளோடு வந்து ட்ரென்டனை ஜெயித்தார். இன்று வந்திருந்தால் ஆற்றங்கரையிலேயே விலங்கு மாட்டி, மூன்று மாதம் இழுத்தடித்து, பிறகு மன்னித்து அனுப்பியிருப்பார்கள். கிழவர் ஒருவரை வழக்கறிஞரைத் தேட வைத்த அந்த மாதங்களிலும் ஜார்ஜியா, வர்ஜீனியா, கரோலினாக்களில் மொத்தமாக வாங்கிய புதுக் கைத்துப்பாக்கிகள் ஐ-95 நெடுஞ்சாலை வழியாக வடக்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. அந்தச் சாலைக்குப் போலீசார் ‘இரும்புக் குழாய்’ என்று செல்லப்பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தாயிற்று, இனி என்ன செய்ய வேண்டும்?

நியூ யார்க் மாநிலம் வேதாந்தி. அங்கே முன்வழியாக மருந்திட்டுக் கெட்டிக்கும் பழைய கைத்துப்பாக்கி, குண்டு போடாமல் இருக்கும்வரைதான் பழம்பொருள். மருந்தைத் திணித்த கணத்தில் அதன் இருநூறு வயதும் பறந்துபோகும். அது இளம் துப்பாக்கி ஆகிவிடும், லைசென்ஸ் வேண்டும். உலகில் மூப்பை உதிர்க்கும் காயகல்பம் தேடிச் சித்தர்கள் அலைந்தார்கள். அது கருமருந்துதான் என்று நியூ யார்க் சட்டப்பேரவை கண்டுபிடித்திருக்கிறது. ஆனாலும் இந்தச் சட்டத்தில் ஒரு புத்தி இருக்கிறது: சுடுவதுதான் துப்பாக்கி என்று ஒப்புக்கொள்ளும் புத்தி. மத்தியச் சட்டத்துக்கு அதுவும் இல்லை.

கலிஃபோர்னியாவின் கடுமை இன்னும் நுட்பமானது. பாதுகாப்புச் சோதனையில் தேறிய கைத்துப்பாக்கிகளின் பட்டியல் ஒன்றை மாநிலம் வைத்திருக்கிறது. கைதவறி விழுந்தால் வெடிக்கிறதா என்று ஒரு மீட்டருக்குச் சற்று மேலிருந்து போட்டுப் பார்ப்பார்கள். 2007 முதல் பட்டியலில் சேரும் பிஸ்டலுக்கு, உள்ளே தோட்டா இருப்பதைக் காட்டும் அடையாளம் வேண்டும். தோட்டாப்பெட்டியைக் கழற்றினால் சுடாத அமைப்பும் வேண்டும். சுட்ட தோட்டாவின் கூட்டில் துப்பாக்கியின் அடையாளம் பதிய வேண்டும் என்று 2013இல் நடைமுறைக்கு வந்த முத்திரை விதியோடு அடுத்த பத்தாண்டு ஒரு புது மாதிரிப் பிஸ்டல்கூடப் பட்டியலில் ஏறவில்லை. அப்பாடா, குழந்தை தெரியாமல் எடுத்து விளையாடினாலும் பயமில்லை என்று மூச்சு விடுகிறீர்களா? விடாதீர்கள். ஐம்பது வயதான அரும்பொருளுக்கு இந்தப் பட்டியல் பொருந்தாது. ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கையால் இழுத்துச் சுடும் பழைய பாணி ஒற்றைச் செயல் ரிவால்வர்களுக்கும் தனி விலக்கு உண்டு. அந்தப் பழைய கோல்ட்டுகளின் சங்கதி என்ன? சுத்தி நேரே தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கும். அதனால்தான் அந்தக் கால மாட்டுக்காரர்களே ஆறு அறையில் ஐந்துக்கு மட்டும் தோட்டா போட்டு, ஓர் அறையைக் காலியாக விட்டுச் சுமந்தார்கள். ஆக, விழுந்தால் வெடிக்காத புதியதற்குச் சோதனை. விழுந்தால் வெடிக்கும் பழையதற்கு விலக்கு. மாட்டுக்காரனுக்கு இருந்த முன்யோசனை மாநிலத்துக்கு இல்லை.

இந்தக் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸில்தான் 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலம் நடந்தது. ஷெரிஃப் பாட் காரெட், 1881 ஜூலையில் ஃபோர்ட் சம்னரில், இருட்டறையில் பில்லி த கிட் என்ற 21 வயது இளைஞனைச் சுட்டுக்கொன்ற கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கும் மேல் போயிற்று. ஏலத்துக்கு முன் அவர்கள் மதிப்பிட்டது 20 முதல் 30 லட்சம். அதே ஆண்டு, அதே ஆலை, அதே மாதிரி, ஆனால் யாரையும் கொல்லாத கோல்ட் ஒன்று சில ஆயிரம் டாலருக்குத் தாராளமாகக் கிடைக்கும். நடுவில் இருக்கும் தொகை எதற்கு? எஃகுக்கா, வேலைப்பாட்டுக்கா? பிணத்துக்கு.

இந்த வியாபாரத்தில் அமெரிக்காவை மட்டும் குறை சொல்லக் கூடாது. பிரஸ்ஸல்ஸில் 1873இல் வெர்லேன் என்ற கவிஞர் ரிம்போ என்ற கவிஞரைச் சுட்ட கைத்துப்பாக்கி 2016இல் பாரிஸில் 4,34,500 யூரோவுக்குப் போயிற்று. வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டதாக நம்பப்படும் துருப்பிடித்த ரிவால்வர் 2019இல் 1,62,500 யூரோ. கவிஞன் கையில் பட்ட காயம் ஓவியன் மார்பில் பட்ட காயத்தைவிட விலை அதிகம். ஆனால் ஐரோப்பாவில் இது பணக்காரரின் விகாரம். அமெரிக்காவில் இதுவே சட்டத்தின் வரையறை: அபூர்வத்தாலோ, சரித்திர மனிதரோடும் நிகழ்ச்சியோடும் கொண்ட தொடர்பாலோ மதிப்புப் பெற்ற துப்பாக்கி, ஐம்பது வயது ஆகாவிட்டாலும் அரும்பொருள் ஆகலாம் என்று விதிமுறையிலேயே இருக்கிறது. பிரபலமானவரைச் சுட்டால் வயது வரம்பு தளர்த்தப்படும்.

இதுவரை சிரித்தாயிற்று. சிரிப்பை நிறுத்த வேண்டிய இடம் 1911.

அந்த ஆண்டு ஜனவரியில் டேவிட் கிரஹாம் ஃபிலிப்ஸ் என்ற நாவலாசிரியரை நியூ யார்க்கில் நட்டநடுத்தெருவில் ஒருவன் சுட்டுக் கொன்றான். மே மாதம் அந்த மாநிலம் சல்லிவன் சட்டத்தை இயற்றியது: மறைத்து வைக்கக்கூடிய துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். 1913இல், வெளியே எடுத்துச் செல்லத் தகுந்த காரணம் காட்ட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தை இத்தாலியக் குடியேறிகள்மேல்தான் முதலில் பாய்ச்சினார்கள் என்ற அழுக்கும் அதில் உண்டு. அதே 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம், ஜான் பிரவுனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. ஆண்டே அதற்குப் பெயராயிற்று. (ஜூனில் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட பெல்ஜியத் துப்பாக்கியும் அதே பிரவுனிங்கின் கைவண்ணம்தான்.) ஒரே ஆண்டில் ஒரு துப்பாக்கியும் பிறந்தது, துப்பாக்கியைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமும் பிறந்தது. இரட்டைப் பிள்ளைகள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கிப் பிள்ளை இன்று போற்றுதலுக்குரிய அரும்பொருள். சட்டப் பிள்ளையின் கதி என்ன? 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தகுந்த காரண விதியை அடித்துப் போட்டது. நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதிய தீர்ப்பு சொன்னது: துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் எந்தச் சட்டமும் தேசத்தின் சரித்திர மரபோடு ஒத்துப்போக வேண்டும். மரபு என்றால் எது? இரண்டாவது திருத்தம் ஏற்கப்பட்ட 1791, பதினான்காவது திருத்தம் ஏற்கப்பட்ட 1868, இவற்றைச் சுற்றிய காலம். நூறு வயதைத் தாண்டிய நியூ யார்க் விதி நேற்றைய பயல்!

1898இல் செய்த துப்பாக்கி பழையது. 1913இல் செய்த சட்டம் பழையதாகாது. துப்பாக்கி பழையதாக இருந்தால் சட்டத்திடமிருந்து தப்பும். சட்டம் பழையதாக இருந்தால்தான் துப்பாக்கியிடமிருந்து தப்பும். சரி, அந்தக் காலச் சட்டத்தோடு அந்தக் காலத் துப்பாக்கியையும் வைத்துக்கொள்ளலாமே, நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவதே சாதனையான 1791ஆம் ஆண்டுச் சக்கிமுக்கியை? கூடாது. 18ஆம் நூற்றாண்டு ஆயுதங்களுக்கு மட்டும்தான் அரசியல் சாசனப் பாதுகாப்பு என்ற வாதம் விளையாட்டுத்தனம் என்று 2008இல் ஹெல்லர் வழக்கிலேயே அதே நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. துப்பாக்கி எந்த நூற்றாண்டுக்கும் வளரலாம். சட்டம் மட்டும் பொய்முடி தரித்து 1791இல் நிற்க வேண்டும். சேகரிப்பாளர்கள் பழைய துப்பாக்கியைக் கண்ணாடிப் பேழையில் பூட்டுகிறார்கள். நீதிபதிகள் சட்டத்தைப் பூட்டினார்கள்.

அதற்குப் பிறகு நாட்டின் நீதிமன்றங்கள் பழம்பொருள் கடைகளாயின. அரசு வழக்கறிஞர்கள் வரலாற்றாசிரியர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். மூன்றாம் எட்வர்ட் காலத்தில், 1328இல், இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டனில் போட்ட சட்டத்தைப் புரட்டினார்கள். அடிமைகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் துப்பாக்கி தரக் கூடாது என்ற கேடுகெட்ட சட்டங்களையும், மரபுக்கு ஆதாரம் வேண்டுமே என்று வெட்கத்தோடு தூசிதட்டிக் காட்ட நேர்ந்தது. 2023 பிப்ரவரியில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், பெண்ணை அடித்ததற்காக நீதிமன்றத் தடையாணை பெற்றவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் மத்தியச் சட்டம் செல்லாது என்றது. ஏன்? முன்னோர் அப்படி ஒரு சட்டம் போடவில்லையாம். மனைவியை அடிப்பது குற்றம் என்றே கருதாத முன்னோரிடம் மனைவியைக் காப்பாற்றும் சட்டத்துக்கு முன்மாதிரி தேடினார்கள்! 2024 ஜூனில் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றமே எட்டுக்கு ஒன்று என்று அதைத் திருத்தி, எங்கள் தீர்ப்பைத் தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று கீழ் நீதிமன்றங்களைக் கடிந்துகொண்டது. மாறுபட்ட அந்த ஒருவர் யார்? புரூயன் தீர்ப்பை எழுதிய தாமஸ். எழுதியவருக்கே புரியவில்லை போலிருக்கிறது.

பழமை வழிபாடு இதோடு நிற்கவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் மார்டின்ஸ்பர்க்கில் மத்திய அரசின் துப்பாக்கித் தடமறியும் மையம் இருக்கிறது. கொலை நடந்த இடத்தில் துப்பாக்கி கிடைத்தால், அது யாருக்கு விற்றது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. நாடு முழுவதும் மூடிய கடைகளின் விற்பனைப் பதிவேடுகள் அங்கே பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. அவற்றைப் படம் பிடித்து வைக்கிறார்கள். ஆனால் கணினியில் பெயரைத் தட்டித் தேட முடியாது. முடியாது என்றால் திறமை இல்லை என்று பொருளல்ல. துப்பாக்கி வைத்திருப்பவர் பட்டியல் உருவாகிவிடக் கூடாது என்று 1986 முதல் சட்டம் தடுக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் உலகையே தேடித் தரும் நிறுவனங்கள் பிறந்த தேசத்தில், கொலையாளியைத் தேடும் அலுவலகம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும் என்று விதி.

புரூயன் தீர்ப்புக்கு நாற்பது நாள் முன்பு, 2022 மே 14 அன்று, அதே நியூ யார்க் மாநிலத்தின் பஃபலோ நகரின் பலசரக்கு அங்காடி ஒன்றில் கறுப்பின மக்கள் பத்துப் பேரை ஓர் இனவெறியன் சுட்டுக்கொன்றான். முப்பது நாள் முன்பு, மே 24 அன்று, டெக்ஸஸின் யுவால்டியில் 19 குழந்தைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் பள்ளி வகுப்பறையில் கொன்றான் பதினெட்டு வயது நிரம்பியதும் கடைவழியாகச் சட்டப்படி ரைஃபிள் வாங்கிய ஒருவன். அந்த ஆண்டுக்கு முந்தைய 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். 2020 முதல் அமெரிக்கச் சிறுவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் கொல்வதில் முதலிடம் துப்பாக்கிக்குத்தான். கார் விபத்து இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது.

யுவால்டிக் குழந்தைகளின் வயது ஒன்பது, பத்து, பதினொன்று. ஐம்பதும் ஆகவில்லை, 1868க்கு முந்தியவர்களும் இல்லை. எந்த விதிவிலக்கிலும் அடங்காத வயது.

துப்பாக்கிக்கு அந்தக் கவலை இல்லை. யுவால்டியில் பயன்பட்ட ரகம், அந்த ஆண்டில் செய்தது, 2072இல் அரும்பொருள் பதவிக்கு வரும். அன்று ஒரு சேகரிப்பாளர் வருவார். மேல்பூச்சு கலையாமல் இருக்கிறதா, உறுப்புகளின் எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார். இன்னின்ன நிகழ்ச்சியோடு தொடர்புடையது என்ற சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால் கேட்பு ஏறும். லாஸ் ஏஞ்சலிஸில் 21 வயதுப் பையன் ஒருவனின் சாவுக்கு விலை வைத்தவர்கள் 19 குழந்தைகளுக்கு என்ன விலை வைப்பார்கள் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் முன்னோர் மேல் போடுவது வசதியானது. 1791இல் திருத்தத்தை ஏற்றவர்கள் செத்துப்போனார்கள். அவர்களை யாரும் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. உயிரோடு இருக்கிறவர்கள் வேறு. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியை இன்னும் பரவலாகச் சோதிக்கலாம் என்ற எளிய மசோதாத் திருத்தம் 2013 ஏப்ரல் 17 அன்று செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அறுபது வேண்டியிருந்ததால் செத்தது. அந்த 46 பேரின் பெயரும் மாநிலமும் செனட் பதிவேட்டில் அச்சாகியிருக்கின்றன. மார்டின்ஸ்பர்க் அலுவலகத்தைப் போல இல்லை. இங்கே பெயரைத் தட்டித் தேட எந்தச் சட்டமும் தடை சொல்லவில்லை. தேடுங்கள்.